பொட்டு வைத்த தவளைக் குளம்

மாடிப்படியில் வைஷ்ணவி நிதானமாக இறங்கியதே கிடையாது. மூன்று படிகளை ஒரே தாவலில் தாண்டுவாள். "ஒரு நாள் விழுந்து பல்லை உடைச்சுக்கப் போற" என்று அவள் அம்மா தமயந்தி சொல்லாத நாளில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை வைஷ்ணவி விழவில்லை. பல்லும் உடையவில்லை. அவள் கையில் இருந்த கிக்கோதான் நழுவியது. அது படிப்படியாகக் குதித்துப் போய், கீழே சிமெண்டுத் தரையில் குப்புற விழுந்தது.

ஓடிப் போய் எடுத்தாள். திரையில் குறுக்காக ஒரு விரிசல். பட்டனை அழுத்தினாள். வெளிச்சம் வரவில்லை. காதருகே வைத்துப் பார்த்தாள். சத்தமும் இல்லை. குலுக்கினாள். உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டது.

வைஷ்ணவி பதறிப்போனாள். ஏனென்றால் அந்தக் கிக்கோ அவளுடையது அல்ல. கீழ்வீட்டு ப்ரஹ்லாதுடையது.

கிக்கோ என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளையாட்டுக் கருவி. ப்ரஹ்லாதின் சித்தப்பா கல்லூரியில் படித்தபோது வாங்கியது. அதைச் செய்த கம்பெனி, பத்து வருடங்களுக்கு முன்பே செய்வதை நிறுத்திவிட்டது. அதன் முதுகில் ஒரு பள்ளம் இருக்கும். தீப்பெட்டி அளவுள்ள ஒரு கார்ட்ரிட்ஜை அதில் செருகினால் 'தவளைக் குளம்' என்ற விளையாட்டு வரும்.

அந்த விளையாட்டில் ப்ரஹ்லாதை யாராலும் ஜெயிக்க முடியாது. இத்தனைக்கும் அவனுக்குக் கண் தெரியாது. வெளிச்சம், நிழல் இரண்டு மட்டும்தான் தெரியும்.

எப்படி விளையாடுவான்? காதால்தான். ஹெட்போனை மாட்டிக்கொள்வான். இடப்பக்கம் தாமரை இலை வந்தால் இடது காதில் 'டிங்' என்று கேட்கும். வலப்பக்கம் வந்தால் வலது காதில். கொக்கு வந்தால் சிறகு படபடக்கும். 'டிங்' கேட்ட பக்கம் தாவ வேண்டும், 'படபட' கேட்டால் தண்ணீருக்குள் முங்க வேண்டும். மொத்தம் தொண்ணூறு குளங்கள். மூன்று வருடங்களாக விளையாடி எண்பத்தேழாவது குளத்துக்கு வந்திருந்தான். பார்வை நன்றாக உள்ள வைஷ்ணவியோ ஐந்தாவது குளத்தைத் தாண்டியதில்லை.

ப்ரஹ்லாத் கிக்கோவை யாருக்கும் தரமாட்டான். வைஷ்ணவிக்கு மட்டும், அதுவும் ஒரே ஒரு நாளுக்கு, தந்திருந்தான். காரணம் கன்னடப் பரீட்சை.

போன வருடம் வைஷ்ணவியின் வீட்டார் ஆம்பூரிலிருந்து பெங்களூருக்கு வந்து, மல்லேஸ்வரத்தில் இந்த வீட்டின் மாடியில் குடியேறினார்கள். அவளுக்கு அப்போது ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது. வகுப்பில் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, மாடிப்படியில் அமர்ந்து அழுவாள். ஒரு நாள், தமிழும் கன்னடமும் தெரிந்த ப்ரஹ்லாத் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கன்னடம் ரொம்ப ஈஸி. தமிழ்ல 'ப' வந்தா அங்க 'ஹ' போட்டுடு. பால், ஹாலு. பூ, ஹூவு. பத்து, ஹத்து. அவ்வளவுதான்!"

மறுநாள் பள்ளியில் வைஷ்ணவி தைரியமாக வாயைத் திறந்தாள். 'ஹஸ்' வந்துவிட்டதா என்று கேட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் ப்ரஹ்லாத் அவர்கள் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். பிறகு, "பஸ் தமிழ் வார்த்தையே இல்லையே, மக்கு" என்றான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளோடு கன்னடத்திலேயே பேசினான். இந்த முறை பரீட்சையில் வைஷ்ணவி ஐம்பதுக்கு நாற்பத்தாறு. அதற்குப் பரிசாகத்தான் கிக்கோவை ஒரு நாள் தந்தான்.

அதைத் திருப்பிக் கொடுக்க வரும் வழியில்தான் இப்படி ஆனது.

வைஷ்ணவி விரிசலைப் பார்த்தாள். அவள் மனத்தில் ஒரு கெட்ட யோசனை மெல்ல எட்டிப் பார்த்தது. 'ப்ரஹ்லாதுக்கு விரிசல் தெரியப் போறதில்லையே. தானாவே நின்னுபோச்சுன்னு சொல்லிட்டா?'

அந்த யோசனையோடு நான்கு அடி நடந்தாள். ஐந்தாவது அடியில் அவளுக்கே அது பிடிக்கவில்லை.

ப்ரஹ்லாத் வாசல் அறையில் உட்கார்ந்திருந்தான்.

"ப்ரஹ்லாத், கிக்கோவைக் கீழே போட்டுட்டேன். படியில குதிச்சு வந்தேன், கை நழுவிடுச்சு. உடைஞ்சிடுச்சு. என் தப்புதான்."

"தெரியும்" என்றான் அவன். "ஆறு படியில மோதிச்சு. நீ வந்து என்ன சொல்லப் போறேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

வைஷ்ணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, உண்மையைச் சொன்னோம் என்று நினைத்தாள். ஆனால் ப்ரஹ்லாத் கையை நீட்டி, விரலால் அந்த விரிசலைத் தடவியதும் அவன் முகம் மாறிவிட்டது.

"உனக்குக் கண்ணு தெரியும்தானே? படி தெரியலையா?"

வைஷ்ணவி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ரிப்பேர் பண்ணித் தரேன்."

"எப்படிப் பண்ணுவ? இதுக்குச் சாமானே கிடைக்காது. சித்தப்பா ஏற்கெனவே தேடிப் பார்த்துட்டார்."

"நானும் ஒரு தடவை பார்க்கிறேனே."

"பாரு" என்று கிக்கோவை அவள் கையில் வைத்துவிட்டு, ப்ரஹ்லாத் உள்ளே போய்விட்டான்.

நடந்ததைக் கேட்ட அம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டாள். "வா, எட்டாவது கிராஸ் தெருவுல ஒரு கடை இருக்கு. கேட்டுப் பார்க்கலாம்."

அது பூக்கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு மொபைல் ரிப்பேர் கடை. உள்ளே மௌரீன் என்ற அக்கா நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிக்கோவைப் பார்த்ததும் அவர் கண்கள் விரிந்தன.

"அட, கிக்கோவா! இதைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு!"

பிறகு திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தார். விரிந்த கண்கள் சுருங்கின.

"சாரி பாப்பா. போர்டு ரெண்டா உடைஞ்சிருக்கு. இது இனிமே பொழைக்காது."

வைஷ்ணவியின் கண்களில் நீர் முட்டியது. அம்மா அவள் தோளில் கை வைத்தாள். "அழாதே. டேப்லெட்ல வேற தவளை கேம் ஆயிரம் இருக்கும். ஒண்ணு போட்டுக் கொடுக்கலாம்."

"வேற தவளை வேணாம்மா. அவன் எண்பத்தேழாவது குளத்துல இருக்கான். மூணு வருஷம்மா!"

மௌரீன் அக்கா நிமிர்ந்தார். "இரு இரு. அந்த மூணு வருஷம் இந்த மெஷின்ல இல்லையே. கார்ட்ரிட்ஜ்லதான் இருக்கு. கார்ட்ரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு. வீட்ல டேப்லெட் இருக்குன்னீங்களே?"

"இருக்கு. ஆன்லைன் வகுப்புக்கு வாங்கினது. ஒரு மூலை உடைஞ்சது" என்றாள் அம்மா.

"போதும். அதைக் கிக்கோ மாதிரி வேஷம் போட வைக்கலாம்."

"வேஷமா?" என்றாள் வைஷ்ணவி.

"எமுலேட்டர்னு ஒரு ஆப் இருக்கு. அதைப் போட்டா டேப்லெட் கிக்கோவா நடிக்கும். நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு! கேமுக்குச் சந்தேகமே வராது. தான் இன்னும் கிக்கோவுக்குள்ளேதான் ஓடறோம்னு நினைச்சு அது பாட்டுக்கு ஓடும்."

வைஷ்ணவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரோடு.

"ஆனா சீக்கிரம் பண்ணணும்" என்றார் மௌரீன் அக்கா. "இந்தக் கார்ட்ரிட்ஜுக்குள்ள பட்டாணி சைஸ்ல ஒரு பேட்டரி இருக்கு. அதுதான் எந்தக் குளம்னு ஞாபகம் வெச்சிருக்கு. அது என்னைக்குத் தீருமோ, யாருக்குத் தெரியும்? அந்தப் பையன் காப்பி எடுக்கலாம்னு சொன்னா நானே எடுத்துத் தரேன்."

ப்ரஹ்லாதிடம் போனில் கேட்டார்கள். "என்னமோ பண்ணுங்க" என்றான்.

மௌரீன் அக்கா ஒரு சின்னக் கருவியில் கார்ட்ரிட்ஜைச் செருகி, கணினியோடு இணைத்தார். அம்மா வீட்டுக்குப் போய் டேப்லெட்டை எடுத்து வந்தாள். அரை மணி நேரம் கழித்து, டேப்லெட்டில் பச்சைத் தவளை ஒன்று கண்ணைச் சிமிட்டியது. கீழே எழுதியிருந்தது: குளம் 87.

"அக்கா!" என்று வைஷ்ணவி கத்திய கத்தலில் பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ப்ரஹ்லாதிடம் ஓடினாள். அவன் காதில் ஹெட்போனை மாட்டி, விளையாட்டைத் தொடங்கினாள். எண்பத்தேழாவது குளத்தின் பாட்டு ஆரம்பித்ததும் ப்ரஹ்லாத் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டான்.

"இது என்னோட குளம்" என்றான் மெதுவாக.

"ஆமா! ஆடு, ஆடு!"

"பட்டன் எங்க?"

"இங்க."

"இங்கன்னா எங்க? கண்ணாடிதான் இருக்கு. வழவழன்னு."

வைஷ்ணவியின் உற்சாகம் பொசுக்கென்று அடங்கியது. கண்ணால் பார்த்தால் திரையின் மேல் பட்டன்கள் அழகாக வரையப்பட்டிருந்தன. விரலால் தொட்டால் அங்கே ஒன்றுமே இல்லை!

அவள் ப்ரஹ்லாதின் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். அவன் ஒரு தாவல் தாவினான். விரல் கொஞ்சம் நகர்ந்தது. கொக்கு தவளையை விழுங்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி கொக்கு. பதினோரு முறை ஆனது. எல்லா முறையும் கொக்குக்கே சாப்பாடு.

ப்ரஹ்லாத் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டான். "பரவாயில்ல, விடு. பாட்டையாவது கேட்டுக்கிட்டிருக்கலாமே."

காலையில் அவன் கோபப்பட்டது கூட இவ்வளவு வலிக்கவில்லை.

"நாளைக்கு வரைக்கும் இதை என்கிட்ட கொடு" என்றாள் வைஷ்ணவி.

மாடிக்குப் போய் முதலில், ப்ரஹ்லாதின் குளத்தைத் தொடாமல் புது ஆட்டம் ஒன்றைத் தொடங்கி, கண்ணை மூடிக்கொண்டு தானே ஆடிப் பார்த்தாள். ஆனால் கண் தானாகத் திறந்து திறந்து எட்டிப் பார்த்தது. அம்மாவின் துப்பட்டாவை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தவளை முதல் குளத்தையே தாண்டவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. டேப்லெட்டைப் பிடித்தால் கட்டைவிரல்கள் தாமாகப் போய் உட்காருகிற இடம் ஒன்று, எமுலேட்டர் பட்டன்களை வைத்திருக்கிற இடம் வேறு.

எமுலேட்டரின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். பட்டன்களை இழுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்று இருந்தது! பெரிதாக்கவும் செய்யலாம். உண்மையான கிக்கோவில் இதெல்லாம் நடக்குமா? திசைப் பட்டன்கள் நான்கையும் இடப்பக்க ஓரத்துக்கு இழுத்தாள். தாவும் பட்டனையும் முங்கும் பட்டனையும் வலப்பக்க ஓரத்துக்குக் கொண்டுபோனாள். கை தவறிப் பட்டால் விளையாட்டையே நிறுத்திவிடும் மெனு பட்டனை மறைத்து வைத்தாள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அந்த இடம் விரலுக்குத் தெரிய வேண்டுமே?

பசை தடவி ஓர் அரிசியை ஒட்டினாள். அது குத்தியது. நான்கு அழுத்தில் தெறித்துப் போய்ச் சோபாவுக்கு அடியில் மறைந்தது. ரப்பரை நறுக்கி ஒட்டினாள். விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் ரப்பருக்கு மேல் தொட்டால் டேப்லெட்டுக்குத் தெரியவில்லை.

"டேப்லெட்ல என்னடி சமையல் பண்ற?" என்றாள் அம்மா.

"போம்மா" என்று வைஷ்ணவி முகம் கழுவப் போனாள்.

குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

கண்ணாடியின் ஓரம் முழுக்க அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுகள்! குளிக்கும் முன் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியவை. சிவப்பு, மெரூன், கறுப்பு, பெரிசு, சிறிசு. அப்பா எத்தனை முறை கேலி செய்திருப்பார்! வைஷ்ணவி கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடி மேல் விரலை ஓட்டினாள். வழவழ, வழவழ, பொட்டு. வழவழ, பொட்டு.

"அம்மா! புதுப் பொட்டு பாக்கெட் எங்க இருக்கு?"

கல் வைத்த பொட்டு சரிப்படவில்லை. ரப்பரைப் போலத் தடிமன். வெல்வெட் பொட்டு மெல்லியது. அதன் மேல் தொட்டால் தவளை துள்ளியது! திசைப் பட்டன்கள் மேல் நான்கு சின்னப் பொட்டுகள். முங்குவதற்கு ஒரு நடுத்தரப் பொட்டு. தாவுவதற்கு, கல்யாணத்துக்குப் போகும்போது அம்மா வைத்துக்கொள்ளும் பெரிய மெரூன் பொட்டு. துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு மறுபடி ஆடினாள். முதல் குளம் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றாவதில் கொக்கு பிடித்துவிட்டது. அந்தக் கொக்கின் மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒவ்வொரு படியாக இறங்கிக் கீழே போனாள்.

ப்ரஹ்லாத் டேப்லெட்டை வாங்கித் தடவினான். அவன் புருவம் உயர்ந்தது. "என்னது இது?"

"பொட்டு."

"பொட்டா? டேப்லெட்டுக்கா?"

"ஆமா. பெரிய பொட்டு தாவறதுக்கு. அதுக்குக் கீழ இருக்கிறது முங்கறதுக்கு."

உள்ளேயிருந்து வந்த அவன் அம்மா ஸ்ரீரஞ்சனி, டேப்லெட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "லட்சணமா இருக்கு! பூ மட்டும்தான் வைக்கலை."

ப்ரஹ்லாத் சிரிக்கவில்லை. கட்டைவிரல்களைப் பொட்டுகள் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முங்கற பொட்டு கொஞ்சம் கிட்ட வரணும். விரல் எட்டலை."

வைஷ்ணவி பட்டனை நகர்த்திப் பொட்டை மாற்றி ஒட்டினாள்.

"இன்னும் கொஞ்சம். ம், போதும். விடு."

விளையாட்டு தொடங்கியது. ஹெட்போனின் ஒரு பக்கத்தைக்கூட வைஷ்ணவியால் கேட்க முடியாது, இரண்டு காதும் அவனுக்கு வேண்டும். அவள் திரையையே பார்த்தாள். தவளை இடப்பக்கம் தாவியது. வலப்பக்கம் தாவியது. கொக்கு பாய்ந்தது. தவளை முங்கியது! கொக்கு வெறும் வாயோடு பறந்து போனது.

அடுத்த கொக்கு பிடித்துவிட்டது. "பரவாயில்ல, மறுபடி" என்று ப்ரஹ்லாத் தானே சொல்லிக்கொண்டான். நேற்று 'பரவாயில்ல' என்று சொன்ன குரல் அல்ல இது.

அதன் பிறகு எத்தனை தடவை ஆடினான் என்று வைஷ்ணவி எண்ணவில்லை. ஸ்ரீரஞ்சனி ஆன்ட்டி கொண்டுவந்த உப்பிட்டு என்ற உப்புமா ஆறிப்போனது. இருவருக்கும் அதைத் தொடத் தோன்றவில்லை. கொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தவளை முங்கி முங்கி எழுந்தது. கடைசி இலை. கடைசித் தாவல்.

ப்ரஹ்லாத் கையைத் தூக்கினான். "தாண்டிட்டேன்! எண்பத்தேழு தாண்டிட்டேன்!"

"பார்த்தேன்! பார்த்தேன்!" என்று வைஷ்ணவி குதித்தாள்.

அவன் ஹெட்போனைக் கழற்றினான். "நேத்து கண்ணு தெரியலையான்னு கேட்டேன்ல, அதுக்கு சாரி" என்றான்.

"கேட்டது சரிதானே? படியைப் பார்த்துத்தானே இறங்கணும்."

"தேங்க்ஸ் கணே."

'கணே' என்பது கன்னடத்தில் நெருங்கிய தோழியிடம் மட்டுமே உரிமையோடு சொல்கிற சொல். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். ஆனால் அவளைப் பார்த்து அவன் சொல்வது இதுவே முதல் முறை.

"நான்தான் உனக்குத் தேங்க்ஸ் சொல்லணும்" என்றாள். "நீ அன்னைக்குப் படியில வந்து உட்காரலேன்னா நான் இன்னும் ஹஸ்ஸுக்குக் காத்துக்கிட்டிருப்பேன்."

இருவரும் சிரித்து முடிக்கச் சிறிது நேரம் ஆனது. பிறகு இன்னொரு நன்றி பாக்கி இருப்பது வைஷ்ணவிக்கு நினைவு வந்தது. மாடியிலிருந்து அம்மாவின் போனை எடுத்து வந்து, பொட்டு வைத்த டேப்லெட்டைப் படம் எடுத்து, 'குளம் 87 தாண்டியாச்சு அக்கா! ரொம்ப நன்றி' என்று எழுதி மௌரீன் அக்காவுக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. 'சூப்பர்! வேஷம் போட்டது நான்தான். பொட்டு வெக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே!'

ப்ரஹ்லாத் ஹெட்போன் வயரை டேப்லெட்டிலிருந்து உருவினான். அறை முழுக்கப் புதுப் பாட்டு ஒன்று நிறைந்தது. எண்பத்தெட்டாவது குளத்தின் பாட்டு. புல்லாங்குழல் மாதிரி ஆரம்பித்து, நடுவில் மழை பெய்கிற சத்தம் வந்தது. இத்தனை வருடங்களில் அவன் கேட்டிராத பாட்டு.

இருவரும் அசையாமல் கேட்டார்கள்.

பிறகு ப்ரஹ்லாத் டேப்லெட்டை அவள் பக்கம் நீட்டினான். "இந்தா, இந்தக் குளத்தை முதல்ல நீ ஆடு."

"நானா? முதல் இலையிலேயே கொக்கு முழுங்கிடும்!"

"முழுங்கட்டுமே" என்றான் ப்ரஹ்லாத், சுவரில் சாய்ந்துகொண்டே. "மறுபடி ஆரம்பிச்சா, பாட்டும் மறுபடி முதல்லேர்ந்து வரும்."